கூடலூர் மலையில் ஹிப் ஹாப்: அப்பாக்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருடன் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து பாட்டு எழுதுகிறேன், அதை ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகள் உள்ளே ஒரு கேள்வி கேட்பார்கள். அவர்களை அழைத்துப் போக வரும் அப்பாக்கள் வாசலில் குடையை மடக்கியபடி வேறொரு கேள்வி கேட்பார்கள். இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்து எழுதிவிட்டேன். நான் 1981-இல் பிறந்தவன். வயதால் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறேன்.

ராப், ஹிப் ஹாப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தாளத்தின் மேல் சொல்லை அடுக்கிச் சொல்வது ராப். ஹிப் ஹாப் அதைவிடப் பெரிய வீடு. இசைத்தட்டைக் கையாளும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, தரையில் சுழன்று ஆடும் பிரேக்கிங், சுவரில் எழுதும் கிராஃபிட்டி ஆகிய நான்கும் அதில் அடக்கம். ஐந்தாவதாக அறிவையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். தான் யார், எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்வதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

இது எங்கே, யாரால் தொடங்கியது?

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் அங்கே ஓர் ஆட்ட விருந்து வைத்தார். அழைப்பு அட்டைகளைக் கையால் எழுதினார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டுப் போட்டவர் சிண்டியின் அண்ணன் கிளைவ். டிஜே கூல் ஹெர்க் என்று சொன்னால்தான் உலகத்துக்குத் தெரியும். ஜமைக்காவில் பிறந்து பன்னிரண்டு வயதில் நியூயார்க் வந்தவர், அன்றைக்கு அவருக்கு வயது 18.

ஹெர்க் ஆடுகிறவர்களின் கால்களைக் கவனித்தவர். பாட்டு நின்று தாளம் மட்டும் தனியே ஒலிக்கும் சில வினாடிகளுக்காகவே அவர்கள் காத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டார். ஒன்றில் அந்தத் தாளம் முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கினார். சில வினாடித் தாளம் பல நிமிடத்துக்கு நீண்டது. நம் மாரியம்மன் திருவிழாவில் ஆடுகிறவனுக்கு வேகம் பிடித்துவிட்டது என்று கண்டதும், தப்பு அடிப்பவர் அதே அடியை விடாமல் திருப்பித் திருப்பி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹெர்க் செய்ததும் அதைத்தான்.

அவருடன் மைக் பிடித்து நின்றவர் கோக் லா ராக். வந்திருந்த நண்பர்களைப் பெயர் சொல்லி அழைத்து உற்சாகப்படுத்தினார். பெயர் சொல்லி அழைப்பதில்தான் ராப் கண் திறந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பகுதியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பிராங்ஸின் குறுக்கே நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றியிருந்தார்கள். 1970-களில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. மிஞ்சியிருந்த கூடத்தில், வீட்டில் இருந்த இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்த வேலை இது.

பழைய ராப்பில் சொல் இருந்தது, இப்போது சத்தம் மட்டும்தான் என்கிறார் அப்பா. உண்மையா?

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அப்பாக்கள் ‘பழைய ராப்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் 1980-களின் கடைசியையும் 1990-களையும் சொல்கிறார்கள். பப்ளிக் எனிமி, டூபாக், நாஸ் ஆகியோரின் காலம். அது சொல் செழித்த காலம்தான், மறுக்க முடியாது. ஆனால் அது தொடக்கம் இல்லை. முதல் சில ஆண்டுகளில் மைக்கில் ஒலித்தவை ஆடச் சொல்லும் கூவல்களும் நண்பர்களின் பெயர்களும்தான். வறுமையை நேருக்கு நேர் பேசி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ‘தி மெசேஜ்’ பாட்டு 1982-இல்தான் வந்தது. கூல் ஹெர்க்கின் கூடத்தில் ஆடியவர்களைக் கேட்டிருந்தால், இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்தை ஓர் இசைத்தட்டுக்குள் அடைக்க முடியுமா என்று அவர்களே கேட்டிருப்பார்கள். அப்பா உண்மையான ஹிப் ஹாப் என்று நினைப்பதும் ஒரு காலத்தில் புதிதாக வந்து முந்தையவர்களை முகம் சுளிக்க வைத்ததுதான்.

சொல் அழிந்துவிட்டது என்பதும் சரியில்லை. கென்ட்ரிக் லாமர் தம் ‘டேம்’ இசைத்தொகுப்புக்காக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்றார். செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப்பரிசு போனது அதுவே முதல்முறை. அவர் இந்தத் தலைமுறையின் மனிதர்.

அப்பா சொல்வதில் உண்மையான பாதி என்னவென்றால், கேட்கும் முறை மாறிவிட்டது. அட்லாண்டா நகரத்திலிருந்து எழுந்து பரவிய ட்ராப் என்ற வகையில் குரலையும் ஒரு வாத்தியமாக வைக்கிறார்கள். சொல்லின் ஓரங்கள் கரைந்துவிடும், அடியில் கனத்த தாழ்தாளம் உருளும். அந்த ஒலிக்கு மூலம் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த 808 என்ற தாளக்கருவி. சரியாக விற்காமல் சில ஆண்டுகளிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். விலை குறைந்து பழைய பொருள் கடைக்கு வந்ததால்தான் பணமில்லாத பிள்ளைகளின் கைக்குக் கிடைத்தது. அதன் சத்தம் இன்றைக்கு உங்கள் மகனின் காதில் ஒலிக்கிறது. அப்பாவின் காது வாக்கியத்தைத் தேடுகிறது, மகனின் காது அந்த உருளலைத் தேடுகிறது. அப்பா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டி வரியைப் பிடித்தவர். மகனுக்கு வரி திரையிலேயே வந்துவிடுகிறது, பிடிக்க வேண்டியது வேறொன்று.

என் தீர்ப்பைக் கேட்டால்: இன்று வருவதில் நிறைய பதர் இருக்கிறது. 1994-இல் வந்ததிலும் பதர் இருந்தது. முப்பது ஆண்டுகளாகக் காலம் அதைப் புடைத்துக் கொட்டிவிட்டது, முறத்தில் நின்ற மணியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆட்டோ-டியூன் போட்டுப் பாடுவது ஏமாற்று இல்லையா?

ஆண்டி ஹில்டப்ராண்ட் என்பவர் எண்ணெய் தேடும் வேலையில் பூமிக்கடியிலிருந்து வரும் அதிர்வுகளைக் கணக்கிட்டவர். அந்தக் கணக்கறிவைக் குரலுக்குத் திருப்பி 1997-இல் சுருதியைத் திருத்தும் இந்த மென்பொருளை வெளியிட்டார். சுருதி தவறியதை மறைக்க அதைப் பயன்படுத்தினால் அது ஒட்டுப்போடுவது. டி-பெயின் போன்ற பாடகர்கள் மறைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி அளவுக்கு மீறித் திருகி, ஒரு நிறமாகவே ஆக்கினார்கள். கான்யே வெஸ்ட் 2008-இல் ஒரு முழு இசைத்தொகுப்பையே அந்தக் குரலில் செய்தார். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் முதல் ஆறு மாதம் அதைத் தொடாதே என்றுதான் சொல்கிறேன். தன் குரல் எது என்று தெரியாதவனுக்கு அதை மாற்றுவதில் என்ன இருக்கிறது?

அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டு எடுப்பது திருட்டுதானே?

இது அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்தே கேட்கும் கேள்வி.

இரண்டு இசைத்தட்டுகளைச் சுழற்றியபோதே ஹெர்க் அடுத்தவர் தாளத்தைத்தான் எடுத்தார். பின்னர் கருவிகள் வந்தன, துண்டுகளை அடுக்குவது பெரிய கலையாக வளர்ந்தது. 1991-இல் ராப் கலைஞர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நீதிபதி ‘திருடாதே’ என்ற வேதக் கட்டளையோடு தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, கட்டணம் என்று ஆனது. பத்துப் பாட்டிலிருந்து துண்டு எடுத்து ஒரு பாட்டுச் செய்த முறை விலை தாங்காமல் மெலிந்தது. 1980-களின் பாட்டும் 1990-களின் பின்பகுதிப் பாட்டும் வேறுவேறாக ஒலிப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை, இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

திருட்டு எது என்பதற்கு என்னிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1979-இல் வந்து ராப்பை உலகம் முழுக்கக் கொண்டுசென்ற ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் பிக் பேங்க் ஹேங்க் சொல்லும் வரிகள் அவர் எழுதியவை இல்லை. கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற இளைஞரின் நோட்டிலிருந்து வந்தவை. கேஸ் தம் புனைபெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரிகூட அப்படியே பதிவாகியிருக்கிறது. பாட்டில் அவர் பெயர் ஒலிக்கிறது, இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. காசும் இல்லை. துண்டு எடுப்பதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

தமிழ் ராப்பில் முதல் தலைமுறை என்று யாரைச் சொல்வது?

1994-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ‘பேட்டை ராப்’ பலருக்கு அந்தச் சொல்லையே அறிமுகப்படுத்தியது. எனக்கும் அப்படித்தான். அப்போது கூடலூர் கடைத்தெருவில், பாட்டுப் பட்டியலை எழுதிக்கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடை இருந்தது. என் பட்டியலில் அந்த ஒரே பாட்டை மூன்று முறை எழுதியிருந்தேன். கடைக்காரர் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைத்து ஒருமுறை மட்டும் பதிந்து தந்தார்.

ஆனால் சினிமாவை நம்பி நிற்காத தமிழ் ஹிப் ஹாப் மலேசியாவிலிருந்து வந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு 2006-இல் வெளியானது. இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை அவர்கள் தங்கள் சொல்லால் நிரப்பித் திரும்பப் பாடினார்கள். மலைக்குக் கீழே கோயம்புத்தூர்க்காரர் ஆதியும் அவருடன் ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் இணையத்தின் வழியே வீட்டுக்கு வீடு போனார்கள். அவர்களுடைய ‘ஹிப் ஹாப் தமிழன்’ இசைத்தொகுப்பு 2012-இல் வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. ராப் பாடகர் அறிவு அந்த மேடையிலிருந்து வந்தவர்.

இதில் தலைமுறை மாற்றம் தெளிவாகத் தெரியும். முதலில் வந்தவர்கள், தமிழிலும் ராப் முடியும் என்று காட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் தமிழன் என்பதை அதன் பொருளாக்கினார்கள். அதற்கும் அடுத்தவர்கள், எந்தத் தமிழன், யாருடைய நிலம், யாருடைய சாதி என்று கேட்டார்கள். என் மனம் மூன்றாவது கேள்வியிடம்தான் நிற்கிறது.

எங்கள் தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது அமெரிக்கக்காரர்களின் பாட்டு அல்லவா?

இதை வாசலில் நின்று கேட்டவர் ஜீப் ஓட்டும் ஒரு தகப்பன். அவருக்கு நான் சொன்னதையே எழுதுகிறேன்.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான நம் மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் என்னோடு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976-இல் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டுக்குள் இருப்பதும் இதே கதைதான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அந்தப் பாட்டு வெளிவந்த வாரம் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் ஒலிக்காத கைபேசி இல்லை. கிழவிகள் அது எந்தத் தோட்டத்துப் பாட்டு என்று கேட்டார்கள்.

அடுத்தது தப்பு மேளம். இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, அழைக்கத் தப்பு அடிப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்து லைனில் இருக்கிறார், எழுபது தாண்டியவர். சென்ற ஆண்டு ஒரு பையன் அவர் அடிப்பதைப் பதிவு செய்யப் போனான். நானும் கூடப் போனேன். பனிமூட்டத்தில் தோல் தளர்ந்திருந்தது. கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட குச்சிகளை, கொளுத்தித் தப்பைச் சாய்த்துப் பிடித்தார். விரலால் சுண்டிப் பார்ப்பதும் மறுபடி தீயில் காட்டுவதுமாக இருந்தார். ‘பொத்’ என்று கிடந்த ஓசை மெல்ல மெல்ல இறுகி ‘டண்’ என்று விழுந்ததும், பதிவு செய்துகொள் என்று கண்ணால் சொன்னார். பையன் பத்து வினாடி எடுத்தான். அதில் இரண்டு வினாடியை வெட்டிச் சுழலவிட்டான். ஹெட்போனை அவர் காதில் வைத்தபோது கண்ணை மூடிக் கேட்டார்.

“இது நான் அடித்ததுதான், தம்பி. ஆனால் மூச்சு விட இடம் இல்லையே. இது பெரட்டு அடி. ஆள் எழுந்திருக்க வேண்டும், போர்வையை மடிக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அடி.”

பையன் ஓர் அடியை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டான். பாட்டு அங்கேதான் உயிர் பெற்றது. தோட்டத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை இதைவிட நெருக்கமாக என்னால் காட்ட முடியாது.

கெட்ட வார்த்தையும் துப்பாக்கியும்தானே இதில் இருக்கிறது? பிள்ளையைக் கேட்க விடலாமா?

இந்தப் பயம் நியாயமானது, நான் அதை அலட்சியப்படுத்த மாட்டேன். டூபாக் 1996-இல் சுடப்பட்டு இறந்தபோது வயது 25. ஆறு மாதம் கழித்துக் கொல்லப்பட்ட இன்னொரு ராப் கலைஞர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கு வயது 24. பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் எல்லாத் தலைமுறையிலும் இருந்தன. 1990-களின் ரசிகர்கள் இன்றைய பாட்டைக் குறைசொல்லும்போது தங்கள் கேசட்டில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

தடுப்பதால் பயன் இல்லை, காதுக்குள் நடப்பதை யாரும் காவல் காக்க முடியாது. கூட உட்கார்ந்து ஒரு வரிக்குப் பொருள் கேளுங்கள். சொல்லக் கூச்சப்பட்டால் அந்த வரி எப்படிப்பட்டது என்று பிள்ளைக்கே விளங்கும். பெண் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சிண்டி கேம்பலின் பெயர். அந்த விருந்தை வைத்ததே ஒரு பெண்தான். குயீன் லத்தீஃபாவையும், 1999-இல் கிராமியின் ஆண்டுச் சிறந்த இசைத்தொகுப்பு விருதை முதன்முதலாக ஹிப் ஹாப்புக்கு வாங்கிவந்த லாரின் ஹில்லையும் அதற்குப் பிறகு கேட்கச் சொல்கிறேன்.

பிரேக்கிங் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டதாமே?

2024 பாரிஸ் போட்டியில் இருந்தது. பெண்களில் ஜப்பானின் அமியும் ஆண்களில் கனடாவின் பில் விசார்டும் தங்கம் வென்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிப் பட்டியலில் இல்லை.

பாட்டு செய்ய எவ்வளவு செலவாகும்?

கைபேசி இருந்தால் வேறொன்றும் வாங்க வேண்டாம். மைக் வாங்கித் தாருங்கள் என்று மகன் அடம்பிடித்தால் முதலில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். எதிரொலியைத் தடுக்க நம்மிடம் கம்பளி இருக்கிறது. கட்டிலுக்கு மேல் கயிறு கட்டி இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு அதற்குள் தலையை விட்டுப் பேசினால் குரல் சுத்தமாகப் பதியும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பதிவு வேலை வேண்டாம், தகரக் கூரையின் மேல் மழை எல்லாச் சொல்லையும் விழுங்கிவிடும். அந்த மூன்று மாதமும் எழுதுவதற்கு உரியவை.

அப்பாவும் மகனும் சேர்ந்து கேட்க ஏதாவது சொல்லுங்களேன்?

நாஸ் 1994-இல் வெளியிட்ட ‘இல்மேட்டிக்’. அப்போது அவருக்கு வயது 20. அதில் ஒரு பாட்டின் முடிவில் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிப்பவர் அவருடைய தந்தை ஓலு தாரா, ஜாஸ் கலைஞர். மகனின் சொல் முடிந்த இடத்தில் தந்தையின் மூச்சு நுழைகிறது. பத்து ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்தே ஒரு பாட்டுப் பாடினார்கள். ஜீப் ஓட்டும் அந்தத் தகப்பனுக்கு இதைத்தான் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் புரியாவிட்டாலும், கார்னெட் வந்ததும் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

என் அம்மாயி பாடும் ஒப்பாரியை என் பாட்டில் வைக்கலாமா?

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. முதலில் அம்மாயியிடம் கேள் என்று அனுப்பினேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். அது அவர் உரிமை, பேத்தி வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, வீட்டுக்குள் வேண்டாம், தேயிலைக் காட்டுக்கு வா என்றார். கொழுந்தெடுத்து முடிந்த மலைச்சரிவில் நின்று, கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவந்த தம் தங்கைக்காகக் கட்டிய நான்கு வரியைப் பாடினார்.

யார் பாடியது என்பதைப் பாட்டோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் ஒரே கட்டாயம். அறிவின் பாட்டு உலகம் சுற்றியபோது, 2021-இல் ஓர் இசை இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. கிராண்ட்மாஸ்டர் கேஸுக்கு அதுவும் வரவில்லை. தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவதை நாம் ‘பேர்’ என்றுதான் சொல்கிறோம். பேர் விழுந்தால்தான் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.

பதிவை முடித்து, கைபேசியில் அம்மாயியின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் பேத்தி. அவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன எழுதுகிறாய்?”

“உங்கள் பேரைத்தான் போடுகிறேன், அம்மாயி.”

“முழுப் பேர்தானே?”